பத்துமலைக் கல்லிலிருந்து தொடங்கலாமா? சிறுவர்களுக்கு நம் நிலம், கனிமம், புதைபடிவம்

செந்தூல் டீச்சர் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். அடுத்த மாதம் மூன்று சனிக்கிழமைகள் 4, 5-ஆம் ஆண்டுப் பிள்ளைகளுடன் நிலம், கனிமம், புதைபடிவம் பற்றி உட்கார்ந்து பேசப் போகிறேன். பாடம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தேர்வு எதுவும் கிடையாது.

கையில் இருக்கும் பயிற்சிப் புத்தகத்தில் எங்கோ ஒரு பாலைவனத்தில் எலும்பு தோண்டும் படம்தான் இருக்கிறது. ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பத்துமலைப் படி ஏறியவர்கள் யார் என்றதும் எல்லாக் கையும் மேலே போனது. அந்த மலை என்ன கல் என்றேன். ஒரே அமைதி. கடைசியில் ஒரு பையன், "சிமெண்டு" என்றான்.

தப்பு அவனுடையது அல்ல. 272 படிகளும் சிமெண்டு, கைப்பிடியும் சிமெண்டு. மலையை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

அதனால் பத்துமலையிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கல், மண், சுரங்கம் இவற்றோடு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். உதவுங்கள். இன்னொன்று, "பத்துமலைக்கு அடியில் டைனோசர் எலும்புக்கூடு" என்று புலனத்தில் ஒரு படம் சுற்றுகிறதே, அது உண்மையா?

ரவாங் அம்மா | திங்கள், இரவு 10.15

டீச்சர், நல்ல முயற்சி. ஆனால் ஒரு தாயாகச் சொல்கிறேன், டைனோசரை விட்டுவிடாதீர்கள். என் சின்னவனுக்கு வயது 9. அவன் தூக்கத்தில்கூட டைனோசர் பெயர்தான் சொல்வான். பிள்ளைகளை உள்ளே இழுக்கும் கதவு அதுதான். சுண்ணாம்புக்கல் என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சன்னலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

துளைக்கம்பி | செவ்வாய், காலை 7.05

டீச்சர், நான் கட்டடம் எழும்புவதற்கு முன் நிலத்தைத் துளையிட்டுப் பார்க்கும் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் கோலாலம்பூரில்தான்.

முதலில் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். பத்துமலைக் கல் ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகள் பழையது. அந்தக் கல் உண்டானபோது டைனோசர் என்ற இனமே பூமியில் இல்லை. அது வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல் அது.

அப்படியானால் மலை முழுக்கச் சிப்பி தெரிய வேண்டுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. பிறகு அடியிலிருந்து கருங்கல் குழம்பு மேலேறி வந்தது. நம் தித்திவங்சா மலைத்தொடர் முழுக்க அந்தக் கருங்கல்தான். அதன் சூட்டில் சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்காக மாறிவிட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தால் சீனிப் பரல் போல மின்னும். உள்ளே இருந்த ஓடுகளின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அதனால் கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவம் கிடைப்பது மிக அரிது.

இதே கல் நகரத்துக்கு அடியிலும் ஓடுகிறது. மேலே சமதரை, கீழே ஊசிமுனைகளும் பள்ளங்களும் குகைகளும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் விரிசல்களில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. துளையிடும்போது இதைக் கையாலேயே உணரலாம். கம்பி கடகடவென்று அதிர்ந்துகொண்டு மெதுவாக இறங்கும். திடீரென்று அதிர்வு நின்று, கம்பி தன் பாட்டில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கீழே போய்விடும். நாம் ஊற்றும் தண்ணீரும் மேலே திரும்பி வராது. குகைக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். முதல் தடவை அது நடந்தபோது எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்டியதற்கும் இந்தக் கல்தான் காரணம். ஒரு பக்கம் கல், மறுபக்கம் மண் என்று நிலம் சரிவாக இருந்தது. இப்போது அதன் அடித்தளத் தூண்கள் 100 மீட்டருக்கும் ஆழமாக இறங்கியிருக்கின்றன. பிள்ளைகளிடம் அந்தக் கோபுரத்தைக் காட்டி, பத்துமலையின் தம்பி இதற்குக் கீழே படுத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். சன்னலைப் பார்க்க மாட்டார்கள்.

திருப்புகழ் அடியான் | செவ்வாய், மதியம் 1.20

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் டீச்சர். பத்துமலை நமக்கு வெறும் கல் அல்ல. 1890களிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த மலை. பிள்ளைகளிடம் "இது செத்த சிப்பிகளின் குவியல்" என்று சொன்னால் அவர்கள் மனத்தில் என்ன நிற்கும்? அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

செந்தூல் டீச்சர் | செவ்வாய், மாலை 6.30

ஐயா, உங்கள் கவலை எனக்கும் இருந்தது. நானும் ஒவ்வோர் ஆண்டும் பால்குடம் எடுப்பவள்தான்.

இன்று ஒன்று தோன்றியது. பிள்ளைகள் ஐந்திணை படிக்கிறார்கள். குறிஞ்சி மலையும் மலைசார்ந்த இடமும், தெய்வம் முருகன். நெய்தல் கடலும் கடல்சார்ந்த இடமும். துளைக்கம்பி அண்ணன் சொல்வதைத் திணைக்கணக்கில் பார்த்தால், நெய்தலில் பிறந்த கல் உயர்ந்து வந்து குறிஞ்சியாக நிற்கிறது, அங்கே முருகன் இருக்கிறான். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மலைமேல் மதிப்புக் கூடுமே ஒழியக் குறையாது என்று நம்புகிறேன்.

திருப்புகழ் அடியான் | செவ்வாய், இரவு 8.02

சரி, அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து ஒரு துண்டுகூட உடைத்து எடுத்து வரச் சொல்லாதீர்கள்.

துளைக்கம்பி | செவ்வாய், இரவு 8.30

அதை நானும் வழிமொழிகிறேன். ஒரு காலத்தில் அந்த மலையையே உடைத்துக் கல் எடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்ட முகம் இன்னும் வெள்ளையாகத் தெரியும். அது போதும். வகுப்புக்கு வேண்டிய கல்லை நான் என் வேலையிடத்து மாதிரிப் பெட்டியிலிருந்து தருகிறேன், கழித்துவிடும் துண்டுகள்தான்.

கம்பார்க்காரன் | புதன், காலை 5.50

மகளே டீச்சர், எனக்கு வயது 74. கண் சரியில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

ஈயத்தை விட்டுவிட்டு இந்த ஊர் நிலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்தால்தான். 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக அம்பாங்குக்கு அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோர் மலேரியாவில் இறந்துபோனார்கள். மறுபடியும் ஆள் அனுப்பினார். அவர்கள் படகை விட்டு இறங்கிய இடம் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் சேற்று முனை. அதுதான் கோலாலம்பூர் என்ற பெயருக்கே பொருள்.

நான் பிறந்தது பேராக் மாநிலத்துக் கம்பாரில். எங்கள் ஊரில் சுரங்கம் என்று யாரும் சொல்ல மாட்டோம், லம்பம் என்போம். ஈயக்கப்பல், அதாவது குளத்தில் மிதந்தபடி மணலைத் தோண்டி ஈயம் பிரிக்கும் பெரிய இயந்திரம், இரவெல்லாம் கிரீச் கிரீச் என்று கத்தும். ஊரே அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், அது நின்றால்தான் விழிப்பு வரும். அந்த மாதிரிக் கப்பல் ஒன்று இன்னும் தஞ்சோங் துவாலாங் பக்கம் நிற்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை வேலை செய்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

என் தாயார் டூலாங் கழுவினார். டூலாங் என்றால் அகலமான மரத்தட்டு, நடுவில் லேசாகக் குழி. அந்த வேலையில் பெரும்பாலும் சீனப் பெண்கள்தான். பக்கத்து வீட்டுச் சீன அத்தைதான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். பாஸ் இல்லாமல் ஆற்றில் இறங்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, ஒரு தட்டு மணலை அள்ளி, தண்ணீரோடு சுழற்ற வேண்டும். வேகமாகச் சுழற்றினால் எல்லாம் போய்விடும். வெள்ளை மணல் ஓரத்தில் வழிந்து வெளியேறும். கடைசியில் நடுவில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது, மை போலக் கறுப்பாக ஒரு கீற்று நிற்கும். அதுதான் ஈயமணல். அதைச் சிறு டப்பாவில் கொட்டிக் கொடுப்பார். நான் வாங்கித் திடுக்கிடுவேன், அவ்வளவு கனம்.

துளைக்கம்பி | புதன், காலை 8.10

ஐயா, அந்தக் கனம்தான் முழுக் கதையும். சாதாரண மணல் அதே அளவு தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. ஈயமணல் கிட்டத்தட்ட 7 மடங்கு. ஆறு மணலைத் தள்ளிக்கொண்டு போகும்போது கனமானது முதலில் கீழே தங்கிவிடும். டூலாங்கில் உங்கள் தாயார் செய்ததை ஆறு பல லட்சம் ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

கருங்கல் குழம்பு குளிர்ந்தபோது ஈயம் அதன் விரிசல்களில் வந்து சேர்ந்தது. கருங்கல் மழையில் இற்றது, ஈயமணல் ஆற்றில் உருண்டது, சுண்ணாம்புக்கல்லின் ஊசிமுனைகளுக்கு இடையே உள்ள குழிகளில் சிக்கிக்கொண்டது. உங்கள் கம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கிலும் அப்படித்தான், கோலாலம்பூரிலும் அப்படித்தான். டீச்சர், கருங்கல், சுண்ணாம்புக்கல், ஈயம் மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்காதீர்கள்.

ரவாங் அம்மா | புதன், காலை 10.45

ஒரு சந்தேகம். ஈயம் விஷம் என்று என் மகன் பள்ளியில் படித்து வந்தான். அன்றிலிருந்து ஈயச்சொம்பில் ரசம் வைத்தால் தொட மாட்டேன் என்கிறான். அப்படியானால் பாட்டி காலத்திலிருந்து விஷத்தையா குடித்தோம்?

செந்தூல் டீச்சர் | புதன், மதியம் 2.15

அக்கா, தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம்தான் நஞ்சு. கம்பாரிலும் அம்பாங்கிலும் தோண்டியது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான், முறையாகச் செய்த ஈயச்சொம்பும் அதுதான். காரீயம் கலந்து செய்த மலிவுச் சொம்புகளும் இருக்கலாம் என்பதால் வாங்கும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இதைக் கண்டிப்பாகப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொம்பை ரசமில்லாமல் வெறுமனே அடுப்பில் வைக்காதே என்று பாட்டிகள் ஏன் கத்துவார்கள் என்பதையும் சேர்த்து. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு அவ்வளவுக்கு ஏறாது.

ஜெலுத்தோங் வாசன் | புதன், இரவு 9.00

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவு பெரும்பாலும் கருங்கல்தான், கொடிமலையும் அதே கல். உருகிக் குளிர்ந்த கல்லில் புதைபடிவம் இருக்காது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கே தேடினால் கிடைக்காது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பது புரியும்.

ஆனால் எங்கள் பெருநிலத்தில், செபராங் பிறை வடக்கே குவார் கெப்பாவில், பழங்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பிக் குவியல்கள் இருந்தன. 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பேராக் லெங்கோங்கில் கிடைத்த பேராக் மனிதன் இன்னும் பழையவன், சுமார் 11,000 ஆண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆனது.

ரவாங் அம்மாவின் மகனுக்கு ஒரு செய்தி. டைனோசரும் நம் நாட்டில் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகக் குழு பகாங்கில் கண்டெடுத்த ஒரு பல்லை 2014 பிப்ரவரியில் அறிவித்தது. மீன் தின்னும் ஸ்பைனோசர் வகை. நீளம் 23 மில்லிமீட்டர்தான், வயது குறைந்தது 75 மில்லியன் ஆண்டு. திருடு போகாமல் இருக்க இடத்தின் பெயரை வெளியிடவில்லை.

ரவாங் அம்மா | புதன், இரவு 9.25

அவனிடம் காட்டினேன். அளவுகோலை எடுத்து 23 மில்லிமீட்டரைத் தன் கட்டைவிரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

டீச்சர், எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆராங். பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது. 1915 முதல் 1960 வரை அங்கே கரி வெட்டினார்கள். என் தாத்தாவும் வெட்டினார். மலாயா ரயில் ஓடியது அந்தக் கரியில்தான். செடிகொடிகள் சதுப்பில் புதைந்து அழுந்திக் கரியானவை, அதுவும் பழைய உயிரின் எச்சம்தானே? தாத்தா கரித்துண்டைப் பிளந்து உள்ளே இலை நரம்பைக் காட்டியதாக அம்மா சொல்வார்.

துளைக்கம்பி | வியாழன், காலை 7.30

அருமை அக்கா.

பத்துமலைக்கே திரும்புகிறேன், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லில் படிவம் அரிது என்றேன். ஆனால் குகைக்குள் படிந்த மண்ணில் இருக்கிறது. தீபகற்பத்தில் முதன்முதலாக ஓராங் ஊத்தானின் புதைபடிவப் பற்கள் இரண்டு குகைப் பகுதிகளில் கிடைத்ததாக 2013-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மொத்தம் 9 பற்கள். அதில் ஓர் இடம் பத்துமலை! ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்த விலங்கு இங்கே வாழ்ந்திருக்கிறது. இன்று போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே இருக்கிறது. இங்கே பெரிய காடு இருந்தது என்பதற்கு அந்தப் பற்களே சாட்சி.

குகையில் உயிரோடு இருக்கும் பழமையும் உண்டு. குகைச் சுவரில் மூடி வைத்த குழாய்க் கூடு கட்டும் ஒரு சிலந்தி, அறிவியல் பெயரிலேயே பத்துமலையைச் சுமக்கிறது. அதன் வயிற்றில் வளைய வளையமாகத் தகடுகள் இருக்கும். மற்றச் சிலந்திகள் எப்போதோ இழந்துவிட்ட அமைப்பு. அந்தக் குடும்பத்தின் முன்னோர்கள் டைனோசருக்கும் மூத்தவர்கள்.

காலத்தைப் புரியவைக்க ஒரு வழி. 4 மீட்டர் நூல் எடுத்து வகுப்பறைச் சுவரில் கட்டுங்கள். 1 சென்டிமீட்டர் 1 மில்லியன் ஆண்டு. ஒரு முனை பத்துமலைக் கல், மறுமுனை இன்று. கருங்கல் நடுவில் 2 மீட்டர் அருகே வரும். பகாங் டைனோசர் இன்றிலிருந்து 75 சென்டிமீட்டரில். ஓராங் ஊத்தான் பல்லுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பேராக் மனிதன் ஒரு தலைமுடியின் தடிமன். லங்காவியின் மச்சிஞ்சாங் பாறையைச் சேர்க்க வேண்டுமானால் நூல் 5 மீட்டரைத் தொடும், கதவைத் தாண்டி வெளியே போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஈயமணலைக் காட்டுகிறேன் என்று யாராவது பழைய லம்பத்து அமாங் (ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனமான மணல்) மூட்டையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதில் மோனசைட் இருக்கும், மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கும். டூலாங் சுழற்றிக் காட்ட மணலோடு இரும்புத்தூள் கலந்தால் போதும். எடை ஏறக்குறைய ஒன்றுதான்.

செந்தூல் டீச்சர் | ஞாயிறு, மாலை 5.00 (மூன்று வாரம் கழித்து)

முதல் சனிக்கிழமை முடிந்தது. 26 பிள்ளைகள் வந்தார்கள்.

துளைக்கம்பி அண்ணன் கொடுத்த கல் துண்டுகளையும், சாலையோரக் கருங்கல் சல்லியையும், முந்தின நாள் சமைத்த கெராங் (ஒரு வகைச் சிப்பி) ஓடுகளையும் மேசையில் வைத்தேன். ஆணியால் கீறிக் கொஞ்சம் தூள் எடுத்து, அதன்மேல் வினிகர் சொட்டு விட வேண்டும். கருங்கல்லில் ஒன்றும் இல்லை. கெராங் ஓட்டில் பொடிப் பொடியாக நுரை. சுண்ணாம்புக்கல்லிலும் அதே நுரை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்தது, இங்கே மலைக்கல்லைச் சுட்டும் செய்யலாம், இரண்டும் ஒரே பொருள் என்றேன்.

சிமெண்டு என்று சொன்ன பையன் மூன்று தடவை சொட்டு விட்டுப் பார்த்தான். எதுவும் பேசவில்லை. பிறகு நோட்டில் "மலை = கெராங்" என்று எழுதி அடிக்கோடு போட்டான். மதியம் என்னிடம் வந்து, சிமெண்டு செய்வதும் சுண்ணாம்புக்கல்லில் இருந்துதானாமே என்றான், அப்பாவிடம் கேட்டிருக்கிறான். ஆக அவன் அன்று சொன்னதும் முழுத் தப்பில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் தடுமாறினேன். ஓராங் ஊத்தானின் பல் மட்டும் ஏன் கிடைத்தது, எலும்பு எங்கே போனது?

துளைக்கம்பி | ஞாயிறு, இரவு 7.15

பல்லின் மேல்பூச்சு உடம்பிலேயே கடினமான பொருள், அதனால் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நம் பகுதிக் குகைகளுக்குள் முள்ளம்பன்றிகள் எலும்புகளை இழுத்துப்போய்க் கொறிக்கும். எலும்பு தீர்ந்துபோகும், பல் மிஞ்சும். பழைய பற்களில் வேர்ப்பகுதி கொறிபட்டிருப்பதை ஆய்வாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

திருப்புகழ் அடியான் | ஞாயிறு, இரவு 8.40

டீச்சர், மூன்றாவது சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாக இருந்தால் சொல்லுங்கள். காலைப் பூசை முடிந்ததும் கூட்டம் குறைவாக இருக்கும். பிள்ளைகளுக்கு மோர் ஏற்பாடு செய்கிறேன்.

கம்பார்க்காரன் | திங்கள், காலை 6.00

மகளே, அம்மாவின் டூலாங் கெப்போங்கில் என் மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு வெடிப்பு உண்டு. முந்தின இரவே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். பிள்ளைகளை மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள், வலமிருந்து இடமாக. அம்மா அப்படித்தான் சுழற்றுவார்.